முனிரத்தினத்தின் இரண்டாம் பாதி

ஓய்வு பெற்று வீட்டோடு கிடக்கிற டிரில் மாஸ்டரை யாரும் தேடி வருவதில்லை. போன மாதம் மூன்று பேர் வந்தார்கள். மூவரும் இளைஞர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள். கூடைப்பந்து ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்க இப்போது புது முறை வந்திருக்கிறதாம். ஆட்டத்தைப் படம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்க்கிறார்களாம். பார்வர்டு ஆடுகிறவனுக்கு இன்னின்ன குணம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இத்தனை மார்க் என்று அச்சடித்த தாள் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். உங்கள் காலத்தில் எப்படிப் பார்ப்பீர்கள் என்று ஒருவர் கேட்டார். பேச்சில் மரியாதை இருந்தது. முகத்தில் கொஞ்சம் சிரிப்பும் இருந்தது. காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதில் சொல்லவேண்டுமென்றால் ஒரு பையனைப் பற்றித்தான் சொல்லவேண்டும். அதைக் காபிக்கு நடுவில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் ஒரு வருஷம் தேகப்பயிற்சி படித்தேன். விசில் ஊதவும் வரிசை நிற்க வைக்கவும் ஆட்ட விதிகளை ஒப்பிக்கவும் கற்றுக்கொண்டேன். திருத்தணி மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம் என்பதும் அதற்கு உதவியது. அப்போது திருத்தணி சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஊரில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மண் மைதானம். இரண்டு பனங்கம்பங்களை நட்டு, மாமரப் பலகை அடித்து, கொல்லன் செய்து கொடுத்த இரும்பு வளையத்தை மாட்டியிருந்தோம். ஒரு வளையம் கொஞ்சம் தொங்கும். அந்தப் பக்கம் போடுகிறவன் தொங்கலுக்குத் தக்கபடி போடப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஆளை எடைபோட எனக்குக் கற்றுக் கொடுத்தது சென்னை இல்லை, குப்புசாமி நாயுடு. ஜில்லா அணிக்கு ஆள் பொறுக்குகிற பொறுப்பு அவருடையது. அவர் கைகாட்டுகிற இரண்டொரு ஆட்டக்காரர்களை ரயில்வே பட்டறைக்காரர்கள் தங்கள் அணிக்கு எடுத்துக்கொண்டு வேலையும் போட்டுக் கொடுப்பார்கள். யுத்த காலத்தில் ரயில்வே வேலை என்றால் சும்மாவா. ஆகையால் அவர் ரயிலை விட்டு இறங்கினால் ஸ்டேஷனிலிருந்தே பின்னால் ஒரு கூட்டம் வரும். அவர் யாரையும் திரும்பிப் பார்க்க மாட்டார். கட்டையான உருவம், மீசை நரைத்தவர், சிரித்து நான் பார்த்ததில்லை. திட்டுவதென்றால் தெலுங்கிலும் பாராட்டுவதென்றால் தமிழிலும் பேசுவார். தமிழ் அபூர்வமாகத்தான் கேட்கும்.

அவருடைய முறை இது. ஆட்டம் தொடங்கியதும் எல்லைக் கோட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடையை விரித்து முன்பக்கமாகத் தாழ்த்திப் பிடித்துக்கொள்வார். வெயிலுக்காக என்று நான் முதலில் நினைத்தேன். குடையின் விளிம்புக்குக் கீழே ஆட்டக்காரர்களின் கால்கள் மட்டும்தான் அவருக்குத் தெரியும். பந்து எங்கே போகிறது, யார் போட்டார்கள், ஜனங்கள் எதற்குக் கத்துகிறார்கள், ஒன்றும் தெரியாது, வேண்டியதும் இல்லை. எந்தக் கால் முதலில் நகர்கிறது, யார் குதிகாலில் நிற்கிறான், யார் நுனிக்காலில் நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு குடையை நிமிர்த்திக் கைகளைப் பார்ப்பார். பந்து கையில் இல்லாதபோது அந்தக் கை என்ன செய்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். இரண்டாம் பாதியில் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார். களைத்த பிறகுதான் ஆள் யார் என்று தெரியும் என்பார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுப் பலம், பலவீனம், வளர்ச்சி என்று மூன்றே விஷயம் சொல்லுவார். நான் எழுதிக்கொள்வேன்.

பள்ளிப்பட்டிலிருந்து ஒரு நெட்டையன் வந்தான். கையை நீட்டினால் வளையம் எட்டிவிடும் போலிருந்தான். நாங்கள் எல்லோரும் அவனைத்தான் எடுப்பார் என்று பந்தயமே கட்டினோம். நாயுடு அவனைப் பாதியிலேயே உட்காரச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவை கூடை போட்டதும் வேலியோரம் நிற்கிற ஜனங்களைத் திரும்பிப் பார்க்கிறான், அவன் திரும்புகிற நேரத்தில் எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விடுகிறான் என்றார். அதன் பிறகு கவனித்தேன். உண்மைதான். அவன் ஆட்டத்தை விட ஜனங்களை அதிகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

முனிரத்தினம் ஜனங்களைப் பார்க்க மாட்டான். பொதட்டூர்பேட்டைக்காரன், நெசவுக் குடும்பம். எங்கள் பள்ளியில் மூன்றாம் பாரம், இப்போதைய எட்டாம் வகுப்பு, வரை படித்துவிட்டு, தகப்பன் இறந்ததும் தறிக்குப் போனான். ஆனால் பழைய மாணவர் அணியை மட்டும் விடவில்லை. தினமும் மாலையில் ஆட்டத்துக்குக் கரி பஸ்ஸில் வருவான். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாததால் பஸ்ஸின் பின்னால் அடுப்பு ஒன்றைக் கட்டி, கரிப்புகையில் ஓட்டினார்கள். கிளம்புவதற்கு முன் அந்த அடுப்பின் காற்றாடியை யாராவது கையால் சுற்றிக் கொடுக்க வேண்டும். முனிரத்தினம் சுற்றுவான், கண்டக்டர் டிக்கெட் கேட்க மாட்டார். முகமெல்லாம் கரியோடு வந்து கிணற்றடியில் கழுவிக்கொண்டு மைதானத்தில் இறங்குவான், கழுவியும் கரி முழுதாகப் போகாது. இருபது வயது இருக்கும்.

பார்வர்டு என்றால் அவனைச் சொல்ல வேண்டும். குழித்தறியில் உட்கார்ந்து நூல் ஓட்டுகிற நாடாக் கட்டையை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடித்து வளர்ந்தவன். அவனுக்கு வலது இடது என்கிற பேதமே கிடையாது. வலது பக்கம் போவதாக எதிராளி நினைத்துக் காலை வைப்பான், பந்து இடது கைக்கு மாறியிருக்கும், அது எப்போது மாறியது என்று எனக்கே தெரியாது. தறியின் மிதிகட்டையை மிதித்து மிதித்துக் கால்களும் இரும்பு. வளையத்துக்குக் கீழே மூன்று பேர் சூழ்ந்து நின்றாலும் எகிறிப் பந்தை நுனிவிரலால் தட்டிவிடுவான். குறை என்று பார்த்தால், வாய் திறக்க மாட்டான். ஆளில்லாமல் நல்ல இடத்தில் நின்றாலும் பந்தை எனக்குக் கொடு என்று கூப்பிட மாட்டான். யாராவது பார்த்துக் கொடுத்தால் உண்டு. ஆட்டக்களத்துக்கு அது ஆகாது என்று எத்தனையோ முறை சொன்னேன். தலையை ஆட்டுவான், அடுத்த ஆட்டத்திலும் வாய்மூடி நிற்பான்.

யுத்தம் முற்றிய அந்த ஆடி மாதம் நாயுடு தேர்வுக்கு வந்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னாலிருந்தே முனிரத்தினத்தின் ஆட்டத்தில் எனக்குக் கவலையாக இருந்தது. முதல் பாதியில் பழைய முனிரத்தினம். இரண்டாம் பாதியில் வேறு யாரோ. எதிராளிகள் பந்தோடு ஓடும்போது தடுக்கத் திரும்பி வரமாட்டான். நடுக்கோட்டிலேயே முழங்காலில் கைவைத்து நிற்பான். என்னப்பா என்று கேட்டேன். கிருத்திகைக்குக் காவடி எடுக்க வேண்டிக்கொண்டு விரதம் இருப்பதாகச் சொன்னான். கழுத்தில் மாலை இருந்தது. மஞ்சள் வேட்டி கட்டியிருந்தான்.

திருத்தணியில் ஆடி மாதம் என்றால் பார்க்கிற ஆளில் பாதி மஞ்சள் வேட்டிதான். விரதக்காரனிடம் சாப்பிடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வாய் பலகாரம் நீட்டுவது கூடத் தப்பு. அவன் வேண்டுதலைக் கெடுத்த பாவம் வந்து சேரும். எனக்கோ இன்னும் ஒரு படி அதிகப் பயம். நான் வேதக்காரன். என் வீட்டில் மீன் புழங்கும். அதற்கு முன்பெல்லாம் என் மனைவி எஸ்தர் கொடுத்தனுப்புகிற டிபன் கேரியரில் ஒரு அடுக்கை முனிரத்தினத்துக்குத் தள்ளுவேன். விரதம் என்று கேட்ட அன்றே அதை நிறுத்தினேன். அவன் எதிரில் சாப்பிடுவதையும் நிறுத்தினேன். அணிப் பையன்கள் சுண்டல் வாங்கினால் அவன் இல்லாத பக்கமாகப் போய்த் தின்றார்கள். எல்லோரும் ரொம்ப ஜாக்கிரதையாக இருந்தோம்.

தேர்வு ஆட்டத்தில் நாயுடுவின் குடை நெடுநேரம் தாழ்ந்தே இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கரிமூஞ்சி யாருய்யா? காலு பேசுதே" என்று கேட்டார். தமிழில் கேட்டார். இரண்டாம் பாதி தொடங்கியது. குடையை மடக்கி வைத்து அவன் முகத்தைப் பார்த்தார். முடிந்ததும் பேசியது முழுக்கத் தெலுங்கு. பலம், கை கால் இரண்டும். பலவீனம், பாதி ஆட்டத்துக்கு மேல் ஆள் இல்லை. பட்டறை அணிக்கு முழு ஆட்டம் ஆடுகிறவன் வேண்டும், வேறு ஆளைப் பார்க்கலாம் என்றார்.

நான் யாருக்காகவும் அவரிடம் வாதாடியதில்லை. அன்றைக்கு வாதாடினேன். விரதம் இருக்கிறான், கிருத்திகை கழிந்தால் ஒழுங்காகச் சாப்பிடுவான், அப்புறம் பாருங்கள் என்றேன். அவரும் முருகபக்தர்தான். கொஞ்சநேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவணிக் கடைசியில் மறுபடி வருவதாகவும், ஒரு இடத்தை அதுவரை நிறுத்தி வைப்பதாகவும் சொன்னார். யாருக்கும் அவர் அப்படிச் செய்ததில்லை. ஓடிப்போய் முனிரத்தினத்திடம் சொன்னேன். அவன் சந்தோஷப்படவில்லை. சரிங்க சார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனான். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கிருத்திகை வந்தது. போனது. அடுத்த வாரம் வந்தவன் கழுத்தில் மாலை இன்னும் இருந்தது. ஏண்டா என்று கேட்டதற்கு, சஷ்டி வரைக்கும் நீட்டி வேண்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். சஷ்டி ஐப்பசியில். தேர்வு ஆவணியில். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் வந்த வேலையைத் தட்டிவிட்டுப் பட்டினி கிடக்கச் சொல்லி எந்த சாமி கேட்டது என்று கத்தினேன். அவன் பந்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றான். பெற்றவள் சொன்னால் வேண்டுதலை மாற்றிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன்.

அந்த ஊரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். அன்றைக்கு என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்டது. யுத்தத்தால் நூலுக்குக் கண்ட்ரோல் வந்து, அளந்துதான் கொடுக்கிறார்கள் என்ற விஷயம் பேப்பரில் படித்ததுதான். ஒரு தெரு முழுக்கத் தறி நின்றுபோனால் எப்படி இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. அவன் வீட்டுத் தறிக்குழியில் பாயைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு தங்கைகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளியைப் பார்த்து எழுந்து நிற்கக்கூட அந்தப் பெண்களுக்கு நேரம் பிடித்தது. முனிரத்தினம் விறகு வெட்டப் போயிருந்தான்.

யார் நான் என்று தெரிந்ததும் அவன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நான் விரதத்தைப் பற்றிப் பேச வாயெடுப்பதற்குள் அவளே பேசினாள்.

"நீங்கதாங்களா டிரில் மாஸ்டரு? எம்புள்ளைக்கு தெனமும் சோறு போட்றீங்களாமே சாமி. வூட்டுக்கு வந்தா, நான் அங்கியே துன்னுட்டேம்மா, நீங்க துன்னுங்கன்னு சொல்லிக்கினே படுத்துக்குவான். அவன் ஒருத்தன் வயிறாவது ரொம்புதேன்னு இருக்கேன். நீங்க நல்லா இருக்கணும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. எங்களிடம் விரதம் என்றான். வீட்டில் மாஸ்டர் சோறு போடுகிறார் என்றான். எங்கள் பக்கம் பக்தி என்று ஒதுங்கினோம். இவர்கள் பக்கம் சாப்பிட்டுவிட்டான் என்று நம்பினார்கள். நடுவில் அவன் ஓடிக்கொண்டிருந்தான். வேண்டுதல் ஏதாவது உண்டா அம்மா என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லையே, போன வருஷம்தானே காவடி எடுத்தான் என்றாள். அவளிடம் நான் வேறெதுவும் சொல்லவில்லை. தண்ணீர் கொடுத்தாள், குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அவனைக் கிணற்றடியில் நிறுத்திக் கேட்டேன். மறுக்கவில்லை. மாலையைத் தொட்டுக்கொண்டு, இதையும் மஞ்சள் வேட்டியையும் ஊருக்குள் நுழையுமுன் கழற்றிவிடுவேன் என்றான்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா அது பங்க எனக்கு வெச்சிட்டு அது பட்டினி கெடக்கும். வூட்ல அதுங்க வயிறு காயறப்ப எனக்கு மட்டும் இங்க துன்ன மனசு வரல சார். இங்க யாருக்கும் சொல்லாதீங்க. ரெண்டு பொண்ணுங்க கீது. இல்லாத வூடுன்னு பேராயிட்டா எவன் வந்து கட்டிக்குவான்?"

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்று முதல் ஆட்டம் முடிந்ததும் என் வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்தான். எஸ்தர் இலை போட்டால், வீட்டுக்குக் கட்டிக் கொடுத்துவிடுங்கள் அம்மா, அங்கே போய்ச் சாப்பிடுகிறேன் என்பான். இங்கேயே தின்றால்தான் உண்டு என்று அவள் மிரட்டினாலும் இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியை மடித்துக்கொள்வான். ரேஷன் அரிசியில் நாங்களும் நான்கு பேர். ஒரு குடும்பத்தின் பசியை எங்கள் பானை அடைக்கவில்லை. மாதக்கணக்கில் கரைந்த உடம்பு அந்தச் சில நாட்களில் எங்கிருந்து திரும்பும்?

ஆவணிக் கடைசியில் நாயுடு வந்தார். சொன்னபடி ஒரு இடத்தை நிறுத்தி வைத்திருந்தார். குடை தாழ்ந்தது, நிமிர்ந்தது, மடங்கியது. முதல் பாதியில் முனிரத்தினம் ஆடியதைப் போல ஒரு ஆட்டத்தை அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நான் பார்க்கவில்லை. தொங்கல் வளையத்தில் இடக்கையால் அவன் போட்ட ஒரு கூடைக்கு எதிரணிக்காரனே கைதட்டினான். இரண்டாம் பாதியில் நடுக்கோட்டில் நின்றான். முழங்காலில் கைவைத்தான். பந்து அவன் தோளில் பட்டு வெளியே போனது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

நாயுடு என்னைக் கூப்பிட்டார். பலம், முன்பு சொன்னதே. பலவீனம், முன்பு சொன்னதே. மூன்றாவதாக வளர்ச்சி என்று ஆரம்பித்து, ஒன்றுமில்லை என்றார். இவனால் ஆகாது, விட்டுவிடு என்றார். நான் எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். வந்த அணிகளுக்காகப் பள்ளிக்கூட வராந்தாவில் சமையல் ஆகியிருந்தது. பையன்கள் இலை போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். நாயுடு வேகமாக அங்கே போய் நின்று, இரைந்து சொன்னார்.

"மொதல்ல அந்தப் பையனுக்குப் போடுங்கய்யா. பட்டினி கெடந்துகினு ஆடறான். இத்தினி பேரு கூட ஆடினீங்களே, ஒருத்தன் கண்ணுக்கும் தெரியலியா?"

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். முனிரத்தினத்தைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, தானே எதிரில் நின்று பரிமாறச் செய்தார். பட்டறைக்காரர்களிடம் தானே பேசுவதாகவும், திங்கட்கிழமை சித்தூருக்கு வரும்படியும் அவனிடம் சொன்னார். வேலை உத்தரவு வர இரண்டு மாதம் ஆகும், அதுவரை பொறுத்துக்கொள் என்றும் சொன்னார். முனிரத்தினம் தலை நிமிரவில்லை. சாப்பிட்டான். சோறு, சாம்பார், மறுசோறு, மோர் எல்லாம் சாப்பிட்டான். இலையில் ஒரு பருக்கை மிச்சமில்லை. மற்றவர்கள் தங்கள் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவன் எழுந்து கைகழுவி, நாயுடுவைக் கும்பிட்டுவிட்டு, என் பக்கம் பார்க்காமலே வெளியே போனான்.

திங்கட்கிழமை அவன் சித்தூருக்குப் போகவில்லை. அந்த இடம் வேறொருவனுக்குப் போயிற்று. நான் கொடுத்த வாக்கை உடைத்ததற்கும், அத்தனை பேர் நடுவில் அவமானப்பட்டதற்கும் ரோஷப்பட்டுக்கொண்டான் என்று நினைத்தேன். நாயுடுவும் அப்படித்தான் நினைத்தார். அடுத்த தடவை வந்துவிட்டுத் திரும்ப ரயிலுக்குக் காத்திருக்கும்போது, நான் மெதுவாச் சொல்லியிருக்கணும் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். தமிழில்தான் சொன்னார். அடுத்த வருஷம் அந்தப் பொறுப்பையே விட்டுவிட்டார்.

முனிரத்தினம் அரக்கோணத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்த இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கே சேர்ந்த அன்றே சோறு போடுவார்கள், வீட்டுக்கும் மாதாமாதம் பணம் வரும். பர்மா எல்லைப் பக்கம் போனவன் திரும்பி வரவில்லை. யுத்தம் முடிந்து எங்கள் பக்கத்து ஆட்கள் வந்து இறங்கியபோது, அவன் அம்மாவும் ஸ்டேஷனுக்கு வந்து நின்றுகொண்டிருந்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

ஆனால் அவன் பட்டாளத்துக்குப் போன சமாச்சாரம் கேட்ட அன்று பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். அவன் என் மேல் கோபமாகப் போனானா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன். அவன் அம்மா கதவருகே உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டவில்லை. பெண்கள் இருவரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

"உங்க மேல கோவம்லாம் இல்லீங்க. அங்க சோறு போட்ட அன்னைக்கு ராத்திரி வந்து என் மடியில படுத்துக்கினு அழுதான். இத்தினி நாளு துன்னுட்டேன் துன்னுட்டேன்னு சொன்னதெல்லாம் பொய்யிம்மா, இன்னைக்குத்தான் மெய்யாலுமே துன்னுட்டேன், உங்களுக்கு எடுத்துக்கினு வரணும்னு நெனப்பே வரலம்மான்னு சொல்லிச் சொல்லி அழுதான். காலையில எழுந்து பாத்தா ஆளில்ல."